சேட்டு வீட்டுக் குழம்பும் நாசரேத் பலசரக்குக் கடையும்

லெந்து நாட்கள் தொடங்கி மூன்றாவது வாரம் வந்துவிட்டால், நாசரேத் வீடுகளில் மத்தியானக் குழம்பு பெரிய கேள்வியாகிவிடும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை கறியும் மீனும் வேண்டாமென்று ஒதுக்கிவைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. மற்ற நாட்களில் புன்னக்காயல், மணப்பாடு கரைகளிலிருந்து சாளையும் நெத்திலியும் வந்து இறங்குகிற பக்கம் இது. சாம்பார், புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, சொதி என்று ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்று ஆரம்பிக்கும்போது, சாப்பிட உட்காருகிறவர்களின் முகம் சுருங்கும். அந்த நேரம் பார்த்து, "மார்வாடிக் குழம்பு ஒண்ணு வச்சுப் பாருங்களேன்" என்றால், "அது சேட்டு வீட்டுச் சாப்பாடுல்லா, நெய்யா ஊத்துவாவ, நமக்குக் கட்டுமா?" என்று பதில் வரும்.

கட்டும். நன்றாகவே கட்டும். நாம் மார்வாடிச் சமையல் என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஓட்டல் மெனுவில் ‘நார்த் இந்தியன்’ என்று போட்டிருக்கும் பக்கத்தை. முந்திரி அரைத்து, கிரீம் விட்டு, பனீர் போட்டுச் சிவப்பாக வருகிறதே, அது டெல்லி, பஞ்சாப் ஓட்டல்களின் கைவரிசை. மார்வார் வீட்டு அடுப்பில் ஏறும் குழம்பு வேறு. அதில் தலையாயது ‘கட்டே கீ சப்ஜி’. நம் வாய்க்கு வசதியாக இனிமேல் கட்டா குழம்பு என்றே சொல்கிறேன். கடலை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, குச்சி குச்சியாக உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் அவித்து, துண்டு போட்டு, தயிர்க் குழம்பில் கொதிக்கவிடுவது. காய்கறி கிடையாது. தேங்காய் கிடையாது. பல வீடுகளில் வெங்காயமும் கிடையாது. இந்தக் குழம்பைச் சுற்றி நம் பக்கம் உலவும் நினைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அது பணக்காரச் சாப்பாடு"

மார்வார் என்பது ஜோத்பூர், பாலி, நாகோர், ஜாலோர், பாட்மேர் வட்டாரம். ஜோத்பூரில் ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர் மழை. இன்னும் மேற்கே ஜெய்சல்மேருக்குப் போனால் 200-ஐத் தொடுவதே அரிது. தமிழ்நாட்டிலேயே மழை குறைந்த மாவட்டங்களில் ஒன்றான நம் தூத்துக்குடிக்குக்கூட அதைவிடக் கூடுதலாகப் பெய்கிறது. அந்த மண்ணில் வருஷத்தில் பல மாதம் பச்சைக் காய் என்ற பேச்சே இருந்ததில்லை. இருந்தது பருப்பு, பயறு, வெயிலில் உலர்த்திய காய், ஆடு மாடு கொடுத்த பால், அதிலிருந்து தயிர், மோர். காய் இல்லாத நாளில் மாவையே காயாக்கிக்கொண்டார்கள். கட்டா அப்படிப் பிறந்தது.

நாசரேத்துக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. ஊருக்கு வடக்கே தாமிரபரணிப் பாசனம், நெல்லும் வாழையும். தெற்கே போனால் செம்மணல் தேரி. பனையை விட்டால் வேறு கதியில்லை. தேரிக்காட்டுப் பக்கத்து வீடுகளில் கருப்பட்டியும் வத்தலும் கருவாடும் பானையில் இருந்தால்தான் மழைக்காலம் ஓடும். இருப்பில் உள்ளதை வைத்து ருசியாகச் சமைக்கும் புத்தி இரண்டு மணலுக்கும் பொது.

காயில்லாத குழம்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டுக்கு வந்து கடை வைத்திருக்கும் சேட்டுக் குடும்பங்களில் சமணர்கள் அதிகம். அஷ்டமி, சதுர்த்தசி போன்ற திதிகளில் பச்சைக் காய், கீரை தொடாத குடும்பங்கள் அவற்றில் உண்டு. மழைக்கால நான்கு மாதமான சாதுர்மாசத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுகும். சந்தையில் காய் மலிந்து கிடந்தாலும் அன்றைக்கு அடுப்பில் மாவும் பருப்பும் அப்பளமும்தான். ஆகவே வறட்சி போன பிறகும் கட்டா போகவில்லை.

நெய் விஷயத்துக்கு வருவோம். நெய்யில் முக்கி எடுப்பது பாட்டி என்னும் கோதுமை உருண்டையை. அது தால்-பாட்டி-சூர்மா என்ற வேறு சாப்பாடு. கட்டா குழம்புக்கு நான்கு பேருக்குத் தாளிப்பில் இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயோ நெய்யோ போதும். 200 கிராம் கடலை மாவு, ஒரு பெரிய டம்ளர் தயிர், அஞ்சறைப்பெட்டிச் சாமான். ஒரு வேளை மீன் குழம்புக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது.

"தண்ணி இல்லாத ஊரு, அதனால எல்லாமே பால்லதான் வேகும்"

இது பாதி உண்மை. தண்ணீருக்குப் பதில் மோரும் தயிரும் பாலும் சேர்ப்பது மார்வார் வழக்கம்தான். ஆனால் கட்டா வேகிறது சாதாரணத் தண்ணீரில். மார்வார்க்காரர்களின் சாமர்த்தியம் அடுத்த படியில் இருக்கிறது: அவித்த தண்ணீரைக் கொட்டமாட்டார்கள். மாவின் கஞ்சியும் உப்பும் ஓமத்தின் வாசமும் இறங்கி மஞ்சளாக நிற்கும் அந்த நீரே குழம்புக்கு ஊற்றும் நீர். நம் ஆட்கள் சோறு வடிக்கும் பழக்கத்தில் அதைச் சல்லடையில் வடித்துச் சாக்கடையில் விட்டுவிட்டு, பிறகு பச்சைத் தண்ணீரை ஊற்றிக் குழம்பு சப்பென்று இருக்கிறது என்பார்கள். கட்டா குழம்பின் பாதி ருசி அங்கேதான் போகிறது.

"மார்வாடி என்றால் எல்லாரும் சுத்த சைவம், உறைப்பே சாப்பிடமாட்டார்கள்"

ராஜஸ்தானிலிருந்து வந்த எல்லாரையும் நாம் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். பிர்லா குடும்பத்தின் பிலானி இருப்பது மார்வாரில் அல்ல, ஷெகாவதியில். அடகுக் கடை, துணிக் கடை, மின்சாமான் கடை என்று தமிழக ஊர்களில் இருப்பவர்களில் பலர் பாலி, ஜாலோர், சிரோஹி பக்கத்திலிருந்து வந்தவர்கள். வணிகச் சாதிகள் சைவம்தான். ஆனால் அதே மண்ணின் ராஜபுத்திரர் அடுப்பில் வேகும் லால் மாஸ் என்ற ஆட்டுக்கறி இந்தியாவின் உறைப்பான கறிகளில் ஒன்று. 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 75 விழுக்காட்டினர் சைவம்; மீதி நான்கில் ஒருவர் அசைவம். (அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சைவர்கள் மூன்று விழுக்காடுகூட இல்லை. நம்மைப் ‘பருப்பு சாதக்காரர்கள்’ என்று வடக்கே சொல்கிறவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.)

உறைப்பு இல்லை என்பது குஜராத்திச் சாப்பாட்டோடு போட்டுக் குழப்பிக்கொண்டதால் வந்தது. பருப்பிலும் காயிலும் வெல்லம் போடுவது குஜராத்தி வழக்கம். மார்வாரில் ஜோத்பூர் அருகே மதானியா என்ற ஊரின் வத்தலுக்கே தனிப் பெயர். நல்ல சிவப்பும் மிதமான உறைப்பும் உள்ள வத்தல் அது. நமக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு வத்தலைப் பொடித்து, நிறத்துக்குக் கொஞ்சம் காஷ்மீரி வத்தல்பொடி சேர்த்தால் வேலை முடிந்தது. சம்பா வத்தலை அந்த அளவுக்குப் போட்டால் தயிரின் புளிப்பை மீறி உறைக்கும், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

"வெங்காயம் பூண்டு இல்லாம குழம்பா?"

நம் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. சின்ன உள்ளி உரிக்காமல் குழம்பு கூட்டினால் கை நடுங்குகிற ஊர். பதில் பெருங்காயத்தில் இருக்கிறது. காய்ந்த எண்ணெயில் பொரியும்போது அதிலிருந்து வரும் கந்தக வாசனைதான் வெங்காயம் பூண்டு இல்லாத குறையை அடைக்கிறது. அதோடு சீரகம், மல்லிப்பொடி, கொஞ்சம் சுக்குப்பொடி. ஈரமான கிழங்கை விலக்கும் சமணர்களுக்கும் உலர்ந்த சுக்கும் மஞ்சளும் விலக்கல்ல.

பெருங்காயத்தில் நாம் கவனிக்காத ஒன்று: கடையில் நாம் வாங்குவது முழுப் பெருங்காயம் அல்ல. பிசினையும் மாவையும் கலந்து காரத்தைத் தணித்த கூட்டுப் பெருங்காயம். டப்பாவின் பின்பக்கம் படித்தால் மைதாவோ அரிசி மாவோ கோந்தோ இருக்கும். அதனால் ‘ஒரு சிட்டிகை’ என்ற பழைய அளவு இன்றைய பொடிக்குப் பொருந்தாது. கால் டீஸ்பூன் தாராளமாகப் போடலாம். கட்டிப் பெருங்காயம் என்றால் கடுகளவு. இந்தச் சரக்குக்கு இந்தியா நெடுங்காலம் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானையே நம்பியிருந்தது. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்று நட்டதே 2020 அக்டோபரில்தான். தமிழ்நாட்டு அடுக்களை அலமாரியில் நிற்கும் எல்ஜி டப்பாவும் 1894-இல் மும்பையில் லால்ஜி கோது தொடங்கிய வியாபாரம். வடக்கத்திச் சரக்கு நம் வீட்டுக்குப் புதிதில்லை.

"கடலை மாவு எதுவானாலும் ஒண்ணுதான்"

இல்லவே இல்லை. முதல் தடவை தோற்றவர்களில் பாதிப்பேர் இங்கேதான் தோற்கிறார்கள்.

கடையில் "அண்ணாச்சி, கடலை மாவு கால் கிலோ" என்று கேட்டால் சில சமயம் பஜ்ஜி மாவுப் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். அதில் அரிசி மாவு, சோடா, உப்பு, வத்தல்பொடி எல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கும். கட்டா தண்ணீரில் பிளந்துவிடும். பொரிகடலையை மிக்சியில் அடித்த மாவும் ஆகாது. பொரிகடலை ஏற்கெனவே வறுபட்டு வெந்த சரக்கு. வெந்த மாவுக்கு மறுபடி இறுகிப் பிடிக்கும் குணம் குறைவு. வேண்டியது வறுக்காத கடலைப்பருப்பை அரைத்த மாவு. முடிந்தால் பருப்பு வாங்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மில்லில் நைசாக அரைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

‘நல்ல மஞ்சளாக இருந்தால் நல்ல மாவு’ என்பதும் தவறு. கடலை மாவின் இயல்பான நிறம் வெளிர் மஞ்சள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்தால் மெட்டானில் மஞ்சள் என்ற, உணவில் சேர்க்க அனுமதியில்லாத சாயம் கலந்திருக்கலாம். கேசரிப் பருப்பு மாவைக் கலப்பதும் பழைய மோசடி. அந்தப் பருப்பில் இருக்கும் நச்சு, நாள்கணக்கில் தொடர்ந்து அதிகம் சாப்பிட்டால் கால்களை முடக்கும். 1961 முதல் நாட்டின் பெரும்பகுதியில் அதன் விற்பனைக்குத் தடை. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் அந்த மாவை விட்டுவிடுங்கள்.

இனிப் பிசைவது. 200 கிராம் மாவில் அரை டீஸ்பூன் ஓமத்தைக் கசக்கிப் போடுங்கள். அரை டீஸ்பூன் வத்தல்பொடி, கொஞ்சம் மஞ்சள்பொடி, பெருங்காயம், உப்பு. மூன்று மேஜைக்கரண்டி கடலெண்ணெய் விட்டு, தண்ணீரைத் தொடும் முன், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மாவைத் தேயுங்கள். அவசரப்படாமல், எண்ணெய் எல்லா மாவிலும் ஏறும் வரை. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் கொழுக்கட்டைபோல் பிடிபட்டு நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்த பிறகு இரண்டு கரண்டி தயிர். அதற்கப்புறம் தேவைப்பட்டால் தண்ணீர், அதுவும் ஸ்பூன் ஸ்பூனாக. முறுக்கு மாவு பிசைந்து பழகிய கை இங்கே தாராளமாகத் தண்ணீர் விடும், விடாதீர்கள். பூரி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். கையில் எண்ணெய் தடவி, பலகையில் சுண்டுவிரல் கனத்துக்கு உருட்டி நீட்டுங்கள். மேலே விரிசல் தெரிந்தால் ஈரம் பற்றவில்லை. அரை ஸ்பூன் தயிர் சேர்த்து மறுபடி பிசையலாம்.

"கட்டா கல்லு மாதிரித்தான் இருக்கும், சோடா போட்டாத்தான் மெதுவா வரும்" என்பது பரவலான நினைப்பு. மெதுவாக்குவது சோடா அல்ல, அந்தத் தேய்த்த எண்ணெய்தான். எண்ணெய் மாவின் துகள்களைச் சுற்றிப் படிந்து அவை ஒன்றோடொன்று இறுகிவிடாமல் தடுக்கிறது. ஒரு சிட்டிகை சோடா சேர்ப்பவர்கள் மார்வாரிலும் உண்டு. ஆனால் கொஞ்சம் கூடினாலும் சவர்க்கார ருசி வந்துவிடும், மஞ்சள்பொடி சிவந்து நிறமும் மாறும். எண்ணெயைக் குறைத்துவிட்டுச் சோடாவைக் கூட்டுவது சிக்கனமும் ஆகாது, சமையலும் ஆகாது.

அவிப்பதில் ஒரு நம்பிக்கை: மிதந்தால் வெந்துவிட்டது. மிதப்பது அடையாளங்களில் ஒன்று, அவ்வளவுதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதுதான் குச்சிகளைப் போட வேண்டும். மேல்பக்கம் உடனே இறுகினால்தான் கரையாது. சில நிமிடத்தில் மேலே வந்துவிடும். ஆனால் உள்ளே பச்சை இருக்கும். மேலெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பும் வரை, மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்கட்டும். ஒன்றை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். ஓரமும் நடுவும் ஒரே நிறமாக இருந்து, கத்தியில் மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது. ஆறிய பிறகு அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள்; சூட்டோடு வெட்டினால் ஓரம் பொடியும்.

பருப்பு உருண்டைக் குழம்பின் வடக்கத்திப் பதிப்புதானே இது என்று கேட்கலாம். உறவு உண்டு, ஆனால் நாம் ஊறவைத்த பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து உருட்டுகிறோம், அது உதிரியாக வேகும். கட்டா காய்ந்த மாவிலிருந்து வருவது; பல்லில் கடிபட வேண்டும். பஞ்சாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

"தயிரைக் கொதிக்க வச்சா திரிஞ்சிடும்"

மோர்க்குழம்பு வைத்தே வளர்ந்த நம் ஆட்களுக்கு இது வேதவாக்கு. நுரைகட்டிப் பொங்கி வரும்போதே இறக்கிவிடுவோம், கொதிக்கவிடுவது பாவம். நம் முறைக்கு அது சரி. மார்வாடிக் குழம்பில் தயிர் பத்து நிமிடம் கொதிக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் கட்டாவுக்குள் சாரம் இறங்காது, குழம்பில் மாவு வாடையும் போகாது.

எப்படித் திரியாமல் இருக்கிறது? தயிரில் உள்ள பால் புரதம் சூடு ஏற ஏற ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதுதான் திரிவது. தயிரில் முன்கூட்டியே ஒரு டீஸ்பூன் கடலை மாவை அடித்துக் கலந்துவிட்டால், மாவின் ஸ்டார்ச் சூட்டில் ஊதிப் பருத்துப் புரதங்களுக்கு இடையில் புகுந்து அவை சேரவிடாமல் தடுக்கும். நம் மோர்க்குழம்பில் ஊறவைத்த துவரம்பருப்பும் அரிசியும் அரைத்து ஊற்றுகிறோமே, அதுவும் இதே வேலைதான் செய்கிறது. என்ன, நாம் அந்தக் காவலை நம்பிக் கொதிக்கவிடுவதில்லை.

ஒரு டம்ளர் தயிரில் மாவு, வத்தல்பொடி, மல்லிப்பொடி, மஞ்சள்பொடி எல்லாவற்றையும் போட்டுக் கட்டியில்லாமல் கடைந்துகொள்ளுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற தயிர் வேண்டாம். கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். எண்ணெயில் சீரகம், கிராம்பு, பிரிஞ்சி இலை, பெருங்காயம் தாளித்து, தீயை நன்றாகக் குறைத்துவிட்டு, தயிரை ஊற்றுங்கள். ஊற்றியதிலிருந்து முதல் கொதி வரும் வரை கரண்டியை நிறுத்தக் கூடாது. இந்தக் கட்டத்தில் போன் அடித்தால் அடிக்கட்டும். முதல் கொதி வந்து, ஓரத்தில் எண்ணெய் மெல்லப் பிரிந்து மினுங்கினால் ஆபத்து தாண்டிவிட்டது. இனி கட்டா அவித்த தண்ணீரை ஒன்றரை டம்ளர் ஊற்றி, துண்டுகளைப் போட்டு, எட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம்.

புளித்த தயிர் சீக்கிரம் திரியும் என்பது உண்மை. நம் ஊர் வெயிலில் காலையில் உறைந்த தயிர் மத்தியானத்தில் புளித்துவிடும், ஆகவே புதுத்தயிராகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடை எடுக்காத பாலின் தயிர் இன்னும் பத்திரம். ஆனால் ‘உப்பை முதலில் போட்டால் திரியும்’ என்று பயமுறுத்துவதை அவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டாம். மோர்க்குழம்புக்கு நாம் மோரிலேயே உப்பைக் கலக்கிறோம். தயிரைக் காப்பது மாவும், மெல்லிய தீயும், கிண்டும் கையும்தான். (உப்பைப் பற்றிப் பேச இரண்டு ஊருக்கும் உரிமை உண்டு. நாட்டின் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு, அதில் தூத்துக்குடி அளங்கள்தான் முதன்மை. அதற்கடுத்து ராஜஸ்தான், சாம்பர் ஏரியும் பச்பத்ராவும் டீட்வானாவும்.)

தேங்காய் அரைக்காமல் குழம்பு கெட்டியாகாது என்ற கவலையும் இங்கே தானாகவே தீர்ந்துவிடும். தயிரில் ஒரு ஸ்பூன் மாவு, அவித்த தண்ணீரில் கரைந்த மாவு, துண்டுகளிலிருந்து இறங்கும் மாவு என்று மூன்று வழியில் குழம்பு இறுகும். சொல்லப்போனால் அதிகமாகவே இறுகும். இறக்கும்போது ரசத்துக்கும் சாம்பாருக்கும் இடைப்பட்ட பதத்தில் இருந்தால், இலையில் விழும்போது சரியாக இருக்கும்.

"சாமான் கிடைக்காது, சௌகார்பேட்டைக்குத்தான் போகணும்"

கட்டா குழம்புக்கு வேண்டிய அத்தனையும் நாசரேத் கடைத்தெருவில் இருக்கிறது. கடைசியில் தூவும் கசூரி மேத்தி என்ற காய்ந்த வெந்தயக்கீரை ஒன்றுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். பெயரில் இருக்கும் கசூர் இன்று பாகிஸ்தானில், சரக்கு பெருமளவு வருவது ராஜஸ்தானின் நாகோரிலிருந்து. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் மல்லித்தழை. கடுகெண்ணெய் கட்டாயம் என்பதும் கட்டுக்கதை. கடலெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ தாளிக்கலாம்.

சௌகார்பேட்டை மின்ட் தெருவுக்குப் போக வேண்டியிருப்பது கேர்-சாங்ரி என்ற இன்னொரு மார்வாடிக் கறிக்கு. அதில் சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் பிஞ்சுக் காயை அவித்து உலர்த்திய வத்தல். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும். ‘பாலைவனத்தில் மட்டுமே வளரும் மரம்’ என்று நினைக்கிறோம். அது வேறொன்றுமில்லை, நம் வன்னி. விருத்தாசலம் கோயிலின் தலமரம். விஜயதசமிக்கு அம்பு போடும் மரம். ராஜஸ்தான் 1983-இல் அதை மாநில மரமாக்கியது. ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் 1730-இல் அரண்மனை வேலைக்கு இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி முதலாக 363 பிஷ்ணோய்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் விட்டார்கள். பஞ்ச காலத்தில் ஆட்டுக்கும் மனிதனுக்கும் சோறு போட்ட மரம் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தப் பிடிவாதம் விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தூத்துக்குடி மாவட்டம் முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் வன்னிக்கு உறவு மரம். உறவுதானே என்று அதன் நெற்றைப் பறித்துக் குழம்பு வைக்கப் புறப்பட வேண்டாம். அது ஆட்டுக்குப் போதும்.

சாங்ரிக்கு மாற்று வேண்டுமென்றால் நம் வீட்டிலேயே இருக்கிறது: கொத்தவரங்காய் வத்தல். இது ஈடுகட்டும் சரக்கு அல்ல, அசல் மார்வாடிச் சரக்கே. உலகத்துக் கொத்தவரையில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது, இந்தியாவில் பெரும்பங்கு ராஜஸ்தானில். அங்கேயும் அதைக் காயவைத்துத் தயிரும் வத்தலும் போட்டுக் குழம்பு வைக்கிறார்கள். அதேபோல் ‘அப்பளத்தில் குழம்பா?’ என்று பாப்பட் கீ சப்ஜியைக் கேட்டுச் சிரிப்பவர்கள், பாட்டி காலத்து அப்பளக் குழம்பை மறந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

"கடலை மாவு வாயு"

ஆமாம், கொஞ்சம் உண்டு. கடலையில் உள்ள சில சர்க்கரைப் பொருட்களை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது காற்று உண்டாகிறது. பருப்பை ஊறவைத்து நீரைக் கொட்டினால் அது ஓரளவு குறையும். மாவில் அந்த வசதி இல்லை. ஓமமும் பெருங்காயமும் சேர்த்தால் வாயுவே வராது என்று சத்தியம் செய்ய முடியாது. அளவோடு சாப்பிடுவதும், நன்றாக வேகவைப்பதும்தான் வழி. மறுபக்கம், நூறு கிராம் கடலை மாவில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. கறி மீன் இல்லாத நாட்களில் சாம்பார் கொடுப்பதைவிட இது கூடுதலாகவே கொடுக்கும். சர்க்கரைக்காரர்களுக்கும் மைதா, அரிசி மாவைவிடக் கடலை மாவு நல்லது. அதற்காகத் தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டால் பலன் இல்லை.

எதோடு சாப்பிடுவது? சப்பாத்தியோடுதான் போகும் என்பார்கள். மார்வாரில் கம்பு ரொட்டியோடும் சாப்பிடுகிறார்கள்; நாட்டிலேயே கம்பு அதிகம் விளைவது ராஜஸ்தானில். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் கம்பு மாவு கிடைத்தால் நீங்களும் தட்டிப் பார்க்கலாம். சுடுசோற்றுக்கும் நன்றாகவே சேரும். அப்போது குழம்பை இன்னும் ஒரு கரண்டி தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் வெளியே வைக்காதீர்கள், தயிர்ச் சமையல் நம் வெயிலில் இரவு தாங்காது. பிரிட்ஜில் வைத்து, மறுநாள் வெந்நீர் விட்டு இளக்கி, மெல்லிய தீயில் சுடவைக்கலாம். முதல் தடவை செய்கிறவர்கள் நூறு கிராம் மாவோடு, விருந்தாளி வராத ஒரு நாளில் ஆரம்பியுங்கள்.